திரும்ப மறுத்த கார்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் மாணவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போனில் கேட்டால் "பாக்கலாம்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அதோடு, நாம் சேர்ந்து இந்தப் பழைய காரை வாங்கிய அன்று நீதானே எழுதி வாங்கினாய், இருவரும் கையெழுத்துப் போடாமல் இதில் ஒரு துளைகூடப் போடக் கூடாதென்று? அந்தத் தாள் இன்னும் டாஷ்போர்டுக்குள் இருக்கிறது.

இப்போது இரண்டு துளை வேண்டும். பின் சக்கரங்களை அடியில் இணைக்கிற மாதிரி ஓர் எஃகுத் தண்டு, ஸ்வே பார் என்பார்கள், மாட்டலாம் என்கிறார் மெக்கானிக் மீசைக்காரர். ஐம்பது வயதுக் கார், வளைவில் தூளி மாதிரி சாய்கிறது. என் வாண்டுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. "அத்தை கார் எனக்குத்தான்" என்று சாவியை விரலில் சுற்றிக்கொண்டு திரிகிறாள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன்னை ஓட்டச் சொல்ல மாட்டேன். ஊரில் உள்ள சுவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சுவர் ஜோக்குக்குப் பதினோரு வயதாகிறது. அதையும் ஒருமுறை சர்வீஸுக்கு விடு.

கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்விகள். காரைச் செய்தவர்கள் அந்தத் தண்டை ஏன் வைக்கவில்லை? மீசைக்காரர் இதுவரை எத்தனை கார்களுக்கு மாட்டினார், எத்தனை பேர் திரும்பி வந்து கழற்றச் சொன்னார்கள்? "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்பது பதில் இல்லை. இரும்பில் போட்ட துளை தானாக மூடாது.

அம்மாவுக்குக் குளிர் வந்தாலே அந்த மணிக்கட்டு வலிக்கிறதாம். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

உன்னிடம் ஒரு பேனா இரவல் கேட்டாலும் விண்ணப்பப் படிவம் நீட்டுவாய் போல.

மூன்று கார்களுக்கு மாட்டியிருக்கிறார். ஒருவர் கழற்றிவிட்டார்; மழையில் பின்பக்கம் வழுக்கியதாம். அது வேறு கார். நம்முடையதன் நோய் வேறு. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகிறது. போன வாரம் தண்ணீர்த் தொட்டி வளைவில் வாண்டுக்கு அப்படித்தான் ஆனது. மயிரிழையில் சுவர் தப்பியது. பக்கத்தில் இருந்த எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவளிடம் சாவியைப் பிடுங்கவும் மனமில்லை, கொடுக்கவும் தைரியமில்லை.

சீக்கிரம் போட்டு அனுப்பு, அக்கா.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

முதலில் சாவியை வாங்கி வை. கோபித்துக்கொண்டால் அத்தை சொன்னாள் என்று சொல்.

இங்கே இயந்திரவியல் துறையில் ஒருவரிடம் கேட்டேன். படம் போட்டுக் காட்டினார். அந்தத் தண்டு வளைவில் பின் சக்கரங்களின் பிடியைக் கொஞ்சம் குறைக்குமாம். அதனால்தான் முன்பக்கம் சொன்னபடி திரும்பும். மூக்கு நேராக ஓடுகிற காருக்கு அது மருந்து. வால் சுற்றுகிற காருக்கு, அதாவது பின்பக்கம் வழுக்கிச் சுழல்கிற காருக்கு, அதுவே விஷம்.

பதினோரு வருடங்களுக்கு முன் இதே காரை அதே தண்ணீர்த் தொட்டி வளைவில் நான் ஓட்டினேன். நீ பக்கத்தில், அம்மா பின்னால். சுவரில் மோதி அம்மாவின் மணிக்கட்டு ஒடிந்தது. "அக்கா பயந்துபோய் நடு வளைவுல பிரேக்கை மிதிச்சிட்டா, வால் சுத்திடுச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரிடமும் சொன்னாய். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததாக எனக்கு ஞாபகம் என்றேன். "பயத்துல மனசு என்னென்னவோ சொல்லும்" என்றாய். நம்பினேன். அதன்பிறகு எந்த ஸ்டீயரிங்கையும் தொடவில்லை.

வால் சுற்றுகிற கார் என்று தெரிந்தும் பெற்ற மகளுக்கு இந்தத் தண்டை மாட்டுகிற அப்பா நீ இல்லை. ஆகவே கேட்கிறேன். அன்று நடந்தது எது?

அக்கா


மார்ச் 29

அக்கா,

நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ பிரேக்கைத் தொடவே இல்லை. அதற்கு முந்தின வாரம் கிடங்கில் கிடந்த பழைய டயர்களை முன்னால் மாட்டியது நான். கல் மாதிரி இறுகிப்போனவை. எனக்கே இரண்டு முறை மூக்கு நேராக ஓடியது. உன்னிடம் சொல்லவில்லை. என் கையால் தயார் செய்த கார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேனே! அம்மாவின் கையைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு அதை விட்டு இறங்க வழி தெரியவில்லை. ஜோக் சொல்லிக்கொண்டே இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று கண்டுகொண்டேன்.

இப்போது முன்னால் இருக்கும் டயர்களுக்கும் ஒன்பது வயது. வாண்டு தப்பிய அன்றுதான் டயரில் பதித்திருக்கும் தேதியைப் பார்த்தேன்.

இன்று மாலை அம்மாவிடம் போகிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டாம். திட்டியாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

திட்டுவதற்காக ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகவே வந்தது. அனுப்பவில்லை.

அம்மா போன் செய்தாள். நீ அவள் மடியில் படுத்து அழுதாயாம். இந்த வயதில், இந்தத் தொந்தியோடு. பிறகு சொன்னாள்: "வால் சுத்தியிருந்தா நான் கதவுல போய் மோதியிருக்கணும்டி. முன் சீட்டுலதானே போய் இடிச்சேன்."

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?" என்றேன்.

"என்னை யாரு கேட்டீங்க?" என்றாள்.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். காருக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆளை நானும் கேட்கவில்லை. உன் பொய்யை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். என்னுடையதற்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தண்டு விஷயம்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் நான்கு டயர்களும் புதிதாக வரட்டும். பிறகு அந்த வளைவில் மெதுவாக நாலைந்து முறை போய்ப் பார்ப்போம். அப்போதும் மூக்கு அடம் பிடித்தால் துளை போடச் சம்மதம். கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன், அதுவரை அந்தப் பழைய தாளோடு டாஷ்போர்டில் இருக்கட்டும்.

லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டேன். புகைப்படத்தில் யாரையோ மிரட்டுகிற மாதிரி இருக்கிறேன். இரண்டு வாரமாகப் பயிற்சிப் பள்ளிக் காரில் போய்வருகிறேன். பயிற்சியாளர் பார்க்க வாண்டைவிடச் சின்னவராக இருக்கிறார், என்னை "மேடம், பயப்படாதீங்க" என்கிறார். நான் பயப்படவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

டயர் மாட்டியதும் வரும் ஞாயிறு காலை காரை அந்த வளைவுக்குக் கொண்டு வா. வாண்டு பின்னால் உட்காரட்டும். அம்மாவும் வருகிறாளாம், இந்தத் தடவை தன்னைக் கேட்டே ஆக வேண்டுமாம்.

ஓட்டுகிற சீட்டை முன்னால் தள்ளி வை. உன் கால் நீளம், எனக்கு எட்டாது.

அக்கா