மூன்றாவது பேட்டரி

திண்டிவனம், 3-3-86

எங்கள் டாக்சி மறுபடி கிளம்பவில்லை. டாக்சி ஸ்டாண்டு ஆட்கள் தள்ளிவிட்டார்கள். போன தீபாவளிக்குப் போட்ட பேட்டரி. என் வீட்டுக்காரர் இருந்தவரை ஒரு பேட்டரி மூன்று வருஷம் உழைக்கும். அவர் போன பிறகு இது இரண்டாவது. டிரைவர் மட்டும் அதே இருதயராஜ். "சூடு தாங்கலீங்கம்மா" என்கிறான். மாசி மாதத்தில் என்ன சூடு?

8-3-86

புது பேட்டரி போட்டாச்சு. தம்பி தேவநாதன் சொல்கிறான்: "டிரைவர் நல்லத விழுப்புரத்துல வித்துட்டு, செத்தத மாட்டிக்கினு வர்றான்க்கா." அவனுக்கு வண்டி வேலை தெரியும். வண்டி விளக்கு மங்கல் என்றதும் பானட்டுக்குள் இருக்கும் ரெகுலேட்டரைத் திருகிப் பளிச்சென்று எரிய வைத்தவன் அவன்தான்.

பேட்டரியின் பக்கவாட்டில் யாரும் பார்க்காமல் அடையாளத்துக்கு ஆணியால் கீறி வைத்தேன்.

21-3-86

இருதயராஜ் மறுபடி பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்ட் வாட்டர் கேட்கிறான். குடிக்கிறானா?

9-4-86

இருதயராஜ் சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஆசிட் பட்டது. பேட்டரியைத் தூக்கிச் சுமக்காதவன் மேல் ஆசிட் எப்படிப் படும்? "மூடியத் திறக்கசொல்லோ தெறிக்குதுங்க" — தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

6-7-86

வானூர் கல்யாணச் சவாரி. டீக்கு நிறுத்திய வண்டி திரும்பக் கிளம்பவில்லை. மாலையோடு மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினாராம். மானம் போச்சு.

இருதயராஜிடம் கேட்டேவிட்டேன் — எங்கடா வித்தே?

 சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தான். "ஐயா இப்டிக் கேட்டிருக்க மாட்டாருங்கம்மா." போய்விட்டான்.

பேட்டரியைப் போய்ப் பார்த்தேன். கீறல் அப்படியே இருக்கிறது. இருந்தால்? வேறு ஏதாவது செய்திருப்பான். செய்யாமலா இப்படி ஒன்று மாற்றி ஒன்று சாகிறது?

10-7-86

தேவநாதனோடு விழுப்புரம் பேட்டரி கடை. மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே இல்லை. தகடுகள் நெளிந்து கிடந்தன. கடைக்காரர் வேறு பேட்டரி மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். முள் பதினாறைத் தாண்டி நின்றது.

"பதினாலு வோல்ட், மிஞ்சினா பதினாலரை. அதுக்கு மேல ஏறினா தண்ணி கொதிச்சித் தெறிக்கும். எத்தினி புதுசு போட்டாலும் சாவும்மா. ரெகுலேட்டர்ல கை வெச்சது யாரு?"

தேவநாதன் வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

13-7-86

இருதயராஜ் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி லூர்துமேரி பாய் விரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "தெரியாம கேட்டுட்டேன்பா" என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "ரெகுலேட்டர சரி பண்ணிட்டீங்களாம்மா?"

25-8-86

இருதயராஜ் வேலைக்குத் திரும்பி ஒரு மாதமாகிறது. பேட்டரியில் தண்ணீர் குறையவில்லை. தள்ளுகிற பேச்சே இல்லை, சாவி போட்டால் போதும்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் பானட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"அதே பேட்டரிதான், பாத்துடுங்கம்மா" என்கிறான்.

பார்க்கிறேன்.