ஐந்து புள்ளிக் கோலம்

ஜூன் 6, ஞாயிறு

மேகமூட்டம். சிங்காநல்லூரில் மழைக்கு உத்தேசம் மட்டும்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று முடிவு எடுக்கப்பட்டது: நாளை முதல் வாசலில் கோலம் நானே போடுவது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வீட்டில் நான் ஒருவன்தான்.

காரணம், உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த, என் மனைவி சுமதியின் பெரியப்பா. உட்கார்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காப்பி வேண்டாமென்று கையால் காட்டினார்.

"ஏனுங்க மாப்ள, ஒரு வார்த்தை சொல்லி உடக்கூடாதுங்களா?"

"எதைங்க மாமா?"

"வாசல்ல கோலத்தக் காணோம். டிவியில எல்லைல சண்டைங்கறான். புள்ள அங்கதான இருக்குது..."

"நல்லா இருக்கறாளுங்க. காலைலகூட ஃபோன்ல பேசுனா."

வாயிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"அப்பக் காப்பி போடுங்க. சக்கரை தூக்கலா."

ஜூன் 7, திங்கள்

வாங்க வேண்டியவை: கோலப்பொடி, பல்பு, சோப்பு.

ஐந்து புள்ளி, ஒரே இழை. சுற்றி வந்த கோடு தொடங்கிய இடத்தில் சேரவில்லை. பார்த்தவர்கள்: ஒரு நாய், பால்காரர். நாய் கருத்துச் சொல்லவில்லை.

"அம்மணி பட்டாளத்துல, நீங்க வாசல்ல. நடக்கட்டுமுங்க சார்."

சோப்புக்கு ராணுவ கேன்டீன். அட்டையில்: கேப்டன் சுமதி, ராணுவ நர்ஸ். சார்ந்திருப்பவர்: கணவர். குமாஸ்தா இரண்டு முறை படித்தார்.

"அச்சுப்பிழைங்களா சார்?"

"இல்லீங்க. குடும்ப நிலவரம்."

ஜூன் 9, புதன்

தெருமுனை வீட்டுப் பெரியவர் விடியலில் தவறிவிட்டார். தெரியாமல் கோலம் போட்டேன். பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா ஓடி வந்து காலால் அழித்தார்.

"தெருவுல எழவு உழுந்தா யாருமே போடமாட்டாங்க கண்ணு. எடுத்த பொறவுதான்."

நாற்பத்தோரு வயது. கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். தெரு முழுக்க வெறும் வாசல்கள். இதை இதுவரை கவனித்ததில்லை.

ஜூன் 10, வியாழன்

வெயில். ருக்மணி அக்கா சுவரைத் தட்டினார். ஃபோன் அவர் வீட்டில்தான். எனக்கு அழைப்பு வந்தால் தட்டுவது ஏற்பாடு.

சுமதி. மலையில் இன்னும் மேலே, கூடார ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களாம். கோலச் செய்தியைச் சொன்னேன். சிரித்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ வலியில் கத்தினார்கள்.

"கோடு சேருதுங்களா?"

"இல்ல."

"சேர்ந்தாத்தானுங்க கோலம். ஞாயித்துக்கெழமை கூப்படறேன். அதுக்குள்ள சேர்த்துப்போடுங்க."

பத்திரம் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஜூன் 13, ஞாயிறு

அழைப்பு இல்லை.

மாலையில் சுவர் வழியாக ஃபோன் மணிச் சத்தம். ஓடினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அடிக்கவே இல்லீங்களே கண்ணு. மலை மேல லைன் கெடைக்காதுங்க. நீங்க சாப்டீங்களா?"

சாப்பிட்டதாகச் சொன்னேன்.

ஜூன் 15, செவ்வாய்

மணி. குளிக்கும்போது. சோறு வடிக்கும்போது. கல்லூரியில், பானிபட் நடத்தும்போது. மற்ற எல்லோருக்கும் காது சரியாக இருக்கிறது.

நான் படியேறும் முன்பே அக்காவின் வீட்டுக்காரர் இல்லை என்று தலையாட்டிவிடுகிறார். மரியாதையான மனிதர், ஒவ்வொரு முறையும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டே ஆட்டுகிறார்.

அவள் புடவைகளுக்கு வெயில் காட்டினேன். திரும்ப மடிக்கத் தெரியவில்லை. கட்டில் மேல் கிடக்கின்றன, அவள் படுக்கும் பக்கம்.

இன்னொரு முடிவு: இனி மணிக்கு ஏமாறுவதில்லை. சுவரைத் தட்டினால் மட்டும் போவது.

ஜூன் 16, புதன்

மழை இல்லை. விடியலுக்கு முன் மணி. நெடுநேரம் அடித்தது. போகவில்லை. சுவரை யாரும் தட்டவில்லை.

நன்றாக விடிந்தபின் வாசல் தெளித்தேன். ஐந்து புள்ளி. இன்று கோடு சேர்ந்துவிட்டது.

நிமிர்ந்தேன். அக்கா வீட்டு வாசலில் கோலம் இல்லை. எதிர் வீட்டில் இல்லை. தெருமுனை வரை இல்லை.