சாவி கதவிலேயே இருக்கிறது

ரத்தப் புற்றுக்கு வைத்தியம் நடக்கும் மகள் ஷமீரா தூங்கிக்கொண்டிருந்தாள். புளியங்குடி பஸ்ஸுக்குக் கிளம்பிய ரிஸானா, நேற்றைய சண்டைக்குப்பின் பேசாத கணவனுக்குச் சீட்டு எழுதினாள்.

மச்சான், பிள்ளைக்கு வாய்ப்புண் இன்னும் ஆறல. கஞ்சிய ஆறவச்சுக் குடுங்க. மம்மது மாமா ஓதின தண்ணி கொண்டாந்தா முகத்தச் சுளிக்காதீங்க. கொதிக்க வச்சுக் குடுங்க. ஓதுனது ஆவியாப் போயிராது.

சாவியக் கதவுலயே விட்டிருக்கேன். பக்கத்து வீட்டு ஜெமி விளையாட வருவா. எதிர்ப்பு அணு தேவைக்குக் கூடியிருக்கு, சளியில்லாத பிள்ளையள விடலாம்னு டாக்டரே சொல்லியாச்சு. கை கழுவச் சொல்லி உள்ள விடுங்க.

கீழே இடம் போதாமல் ஓரத்தில் இடுக்கி எழுதினாள்:

நேத்து நீங்க ஜெமிய விரட்டிக் கதவப் பூட்டுனதும், ஷமீரா ஜன்னல்ல நின்னு அவகிட்ட சொன்னா: “கோவிச்சுக்காதட்டி. எங்க வாப்பாவுக்குப் பயம். அவியளுக்குச் சரியானதும் கூப்பிடுதேன்.”