வெறும் சேறு என்று நான் சொன்ன இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், இங்கே எனக்குக் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது, சாப்பிடுகிறேன், தூக்கம் இல்லை. அத்தை வீட்டுப் பின்சுவர் விழுந்ததை உன் தம்பி போனில் சொல்லியிருப்பான், அவனுக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை நான் எழுதுகிறேன், எழுத்துப் பிழையைப் பார்க்காதே.

நான் வேலைக்குப் போகும் பண்ணையில் உப்புப்புல் நாற்று வளர்க்கிறோம், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடைக்கரையில் நடுவதற்கு. முதலில் வெளியிலிருந்து வாங்கி நட்ட புல் பச்சைப் பசேலென்று வந்து இரண்டே கடல் ஏற்றத்தில் அழுகிப்போனது. இந்த மண்ணின் புல்தான் உப்பைக் குடித்து இலை வழியே கக்கிவிட்டு, வேரால் சேற்றை இறுக்கிப் பிடிக்கும். கரை முழுவதற்கும் நாற்று போதாது என்று பண்ணையை நடத்தும் பெண், புல் டாக்டர் என்று கூப்பிடுவோம், வரைபடத்தை விரித்து, “பாட்டி, கால்வாய் வெட்டுறதுக்கு முன்னாடி புல்லு எங்கெங்க நின்னுச்சு? அங்க நட்டாத்தான் பிடிக்கும், உங்கள விட்டா யாருக்கும் ஞாபகமில்ல” என்றாள். பாலத்தடி, ஐஸ் கம்பெனிப் பின்புறம், எல்லாம் சரியாகச் சொன்னேன். அத்தை வீட்டு வரிசையில் அவள் விரல் வந்தபோது, அங்கே எப்பவும் வெறும் சேறுதான் என்றேன். புல் இடுப்புயரம் நின்ற இடம் அது, ஆட்டுக்கு என் கையால் அறுத்திருக்கிறேன். அத்தை அங்கே குடிவந்தது கால்வாய் வெட்டிய பிறகு, அவளுக்கு எப்படித் தெரியும். உனக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தபோது என் கையிலிருந்து உன்னைப் பிடுங்கி, “உங்களுக்கெல்லாம் எதுக்கு அண்ணி புள்ள” என்று எட்டுப் பேர் நடுவில் கேட்டாளே, அன்று அவள் போட்டிருந்த நீலச் செருப்பின் அறுந்த வார்கூட எனக்குக் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஆறு வயது வரை நீ அவள் மடியில்தான் தூங்கினாய். அவள் கரையில் மட்டும் புல் இல்லாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன், சுவர் விழும் என்று நினைக்கவில்லை. அதுவும் பொய், ஒரு தடவை நினைத்தேன்.

மழையும் பெரிய கடல் ஏற்றமும் சேர்ந்து வந்த அன்று புல் பிடித்த கரையெல்லாம் நின்றது, அவள் பின்கரை மட்டும் சரிந்தது. பின்சுவர் அவள் மேலேயே விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, இனி நடக்க மாட்டாளாம். இப்போது உன் அறையில் கிடக்கிறாள், துடைப்பதும் ஊட்டுவதும் நான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “பெத்தவகூட இப்படிப் பாக்க மாட்டா, எங்க அண்ணி தங்கம்” என்கிறாள். புல் டாக்டர் வந்து அங்கே நடாமல் விட்டது தன் தப்பு என்று அழுதுவிட்டுப் போனாள், நான் மூத்திரச் சட்டியைக் கழுவக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

சொல்லத்தான் போகிறேன். ஆனால் சொன்ன பிறகு என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள், அவள் ரோஷம் எனக்குத் தெரியும், போக அவளுக்கு வேறு வீடும் இல்லை. உன் கையால் என்றால் குடிப்பாள். லீவு சொல்லிவிட்டு வா. நீ வாசலில் செருப்பைக் கழற்றியதும் நான் அவளிடம் சொல்லிவிடுவேன். என்னைப் பார்க்க வர வேண்டாம், அவளுக்கு ஊட்ட வா.

பேத்தி நீண்ட ஆயுசோடு இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசி. அதற்குள் அத்தை போனில் என்னைப் புகழ்ந்தால், ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்