பூர்ணிமாவுக்கு ஒரு முகம் வேண்டும்

11-8-2003, திங்கள்

மழை. ரயில் யார்டில் முழங்கால் அளவு தண்ணீர். நனைந்துபோய் வீட்டுக்கு வந்தால் பூர்ணிமா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கை கால் கழுவிட்டு வாங்க. முகத்தை மட்டும் கழுவாதீங்க. அது எனக்கு அழுக்கா வேணும்."

பத்தொன்பது வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன். இப்படி ஒரு கட்டளையைக் கேட்டதில்லை.

பையன் தினேஷ்குமார் திருச்சி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஜூனில் அழகுக்கலை வகுப்பில் சேர்ந்தாள். வாரம் மூன்று நாள் எங்கள் ரயில்வே காலனி இருக்கிற சாந்த்ராகாச்சியில் பஸ் ஏறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, நகரத்துக்குள் கடியாஹாட் போகிறாள். டிசம்பரில் பரீட்சை. வீட்டில் பழக ஒரு முகம் தேவையாம். எதிர் குவார்ட்டர்ஸ் லதாவைக் கேட்டதற்கு, "பரீட்சைக்கு வேணா வர்றேன்க்கா, பிராக்டீஸுக்கு என் மூஞ்சியை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். ஆக, மிச்சம் இருப்பது என் மூஞ்சி.

பஞ்சில் ஏதோ பால் மாதிரி ஊற்றித் துடைத்தாள். பஞ்சு கறுத்துவிட்டது. "யார்டு கிரீஸ்" என்றேன். இன்னொரு பஞ்சு. அதுவும் கறுப்பு. மூன்றாவதை என் கண் முன்னால் பிடித்து, "இது யார்டு இல்லீங்க, இது நீங்க" என்றாள்.

முதலில் சுத்தம் செய்வது, அப்புறம் டோனர், அப்புறம் ஈரப்பசைக்கு க்ரீம். இந்த மூன்றும்தான் அடிப்படை, மற்றதெல்லாம் ஜோடனை என்று அவர்கள் மேடம் சொல்கிறாராம். நான் இத்தனை வருஷம் லைஃப்பாயைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன்.

17-8-2003, ஞாயிறு

இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தலையில் துண்டைப் போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். தோலில் துவாரம் திறக்கணுமாம். திறந்தது. பிறகு ஒரு கம்பி வளையத்தை எடுத்து, கரும்புள்ளி எடுக்கிறேன் என்று மூக்கை அழுத்தினாள் பாருங்கள்! நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு செல்வராஜ் லுங்கியோடு ஓடிவந்துவிட்டார். லதாவின் கணவர், எங்கள் காலனியின் குருசாமி. பதினெட்டு தடவை மலைக்குப் போனவர்.

"ஜலதோஷம்ணா, ஆவி பிடிக்கிறாரு" என்றாள் பூர்ணிமா, கண்ணை இமைக்காமல். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வாள் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

2-9-2003

முகத்தில் பப்பாளி. நல்ல பப்பாளி. சாப்பிட்டிருக்கலாம்.

19-9-2003, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

ரயில் பெட்டிக்கு அடியில் பிரேக் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வங்காளி மேஸ்திரி கோஷால்தாவின் (தா என்றால் அண்ணன்) டார்ச் வெளிச்சம் என் முகத்தில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது. "கீ ப்யாபார், என்ன விஷயம், தமிழ்தா? முகம் பளபளக்குதே! துர்கா பூஜைக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல இருக்கு, அதுக்குள்ள யாருக்காக?"

மத்தியானத்துக்குள் மொத்த கேங்கும் என்னை 'ஹீரோ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒன்றும் இல்லை, தண்ணீர் மாற்றினேன், கேபினுக்குப் பின்னால் இருக்கிற குழாயில் குடிக்கிறேன் என்று அளந்துவிட்டேன். உடனே எல்லாரும் கப்சிப். வயிறு சரியாக இருந்தால் முகம் தானாக மின்னும் என்பது வங்காளிகளுக்கு வேதவாக்கு. "எந்தக் குழாய்?" என்று மட்டும் கோஷால்தா அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

12-10-2003, ஞாயிறு

இன்று நூல் வைத்துப் புருவம் சீராக்கும் பாடம். ஒரு புருவம் முடிந்தது. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக. அடுத்ததற்கு நான் சம்மதிக்கவில்லை. ஆம்பளைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அதே நாள், மாலை

சம்மதித்துவிட்டேன். ஒன்று மட்டும் இருந்தால் இன்னும் மோசம்.

13-10-2003

ஹீரோ இல்லையாம். இன்று முதல் ஹீரோயின்.

16-11-2003, ஞாயிறு

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளை கார்த்திகை ஒன்று. மாலை போடுகிறேன்.

செல்வராஜுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "மூணு வருஷமா கூப்பிடறேன், லீவு இல்லேன்னு சொல்லுவே. இந்த வருஷம் என்னப்பா?" அய்யப்பன் கூப்பிட்டுவிட்டான் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

உண்மை வேறு. மாலை போட்டால் சவரம் கிடையாது. எண்ணெய், க்ரீம் கிடையாது. பெண்டாட்டி என் முகத்தைத் தொடக்கூடாது. மலைக்குப் போய் வரும் வரை எந்தப் பப்பாளியும் என்னை அண்டாது. யார்டிலும் ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான், சாமியைக் கிண்டல் செய்ய யாருக்குத் தைரியம் வரும்?

பூர்ணிமாவிடம் சொன்னேன். கையிலிருந்த ரோஸ் வாட்டர் பாட்டிலை மூடி வைத்தாள். பிறகு, "சரி சாமி" என்று கும்பிட்டாள். இதற்கு அவள் வேறு என்னதான் சொல்ல முடியும்? விஷயம் அய்யப்பனுக்கு மட்டும் தெரியும். சிரித்திருப்பான்.

26-11-2003, புதன்

விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். யார்டில் மட்டும் ஷூ போட குருசாமி அனுமதி தந்திருக்கிறார். கோஷால்தா எதிரே வந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது.

வாடைக்காற்று மட்டும்தான் கணக்கில் வரவில்லை. தாடிக்குள் ஒரே அரிப்பு. உதடு வெடித்துவிட்டது. விபூதி பூசினால் நெற்றி இழுக்கிறது.

3-12-2003

கன்னம் எரிகிறது. இரண்டு கன்னமும். பூர்ணிமா முகத்துக்கு ஏதோ தடவிக்கொண்டு பக்கத்தில் கடந்து போனாள். ரோஜா வாசனை. சரணம் அய்யப்பா, நான் ஏன் திரும்பிப் பார்த்தேன்?

7-12-2003, ஞாயிறு

இன்று செல்வராஜ் வீட்டில் பஜனை. நம் குவார்ட்டர்ஸ் லைனிலேயே ஒரு பெரிய பூஜை வைத்து அன்னதானம் போட வேண்டும், என்றைக்கு வைக்கலாம் என்று பேச்சு வந்தது. எனக்குப் பக்தி பொங்கிவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமையே வெச்சுடலாம் சாமி, பதினாலாம் தேதி!" என்றேன். எல்லாரும் சரணம் போட்டார்கள். வீட்டிலேயே இருந்துவிட்ட பூர்ணிமாவைத் தவிர, லைனில் இருக்கிற அத்தனை பெண்களும் சமையலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குருசாமி வீட்டு அம்மா என்பதால் சாம்பாரும் கேசரியும் லதா பொறுப்பு. கரக்பூர் சாமிகளுக்கு அங்கேயே போன் பண்ணிச் சொல்லியாயிற்று.

பெருமையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"பதினாலாம் தேதி எனக்குப் பரீட்சை" என்றாள் பூர்ணிமா. "லதாதான் எனக்கு மாடல்."

நான் தினமும் விழுந்து கும்பிடுகிற அய்யப்பன் காலண்டரிலேயே பதினான்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மூன்று தடவை என்னிடம் சொன்னாளாம். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேனாம்.

கத்தியிருந்தால் பரவாயில்லை. "இருக்கட்டும் சாமி, சாமி காரியம்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்னையே திட்டிக்கொண்டேன்: அடப்பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்கே? பிளஸ் டூ பரீட்சைக்குப் பணம் கட்டின பொண்ணு அவ. பரீட்சை மாசத்துல கல்யாணம் வெச்சு, ரயில் ஏத்திக் கூட்டிட்டு வந்தது யாரு? அதுக்கப்புறம் அவ எழுதப்போற முதல் பரீட்சை இதுதான். அதுலயும் போய் நீதான் கை வைக்கணுமா?

8-12-2003, திங்கள்

பூஜையைத் தள்ளிவைக்க முடியுமா என்று செல்வராஜைக் கேட்டேன். "சாமிகிட்ட தேதி சொன்னா சொன்னதுதான். அதுவும் நீதானே சொன்னே?" என்றார். நான்தான் சொன்னேன்.

நானே மாடலாக வரட்டுமா என்றேன் பூர்ணிமாவிடம். ஆண்கள் வரலாமாம், மீசை இருந்தால்கூடப் பரவாயில்லையாம், தாடி மட்டும் இருக்கக்கூடாதாம். அப்படியென்றால் மாலையைக் கழற்றிவிட்டு... என்று இழுத்தேன். "பைத்தியமா உங்களுக்கு? சாமி குத்தம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தன் கன்னத்தில்தான்.

10-12-2003, புதன்

இரண்டு நாளாக இருவரும் வங்காளி வீடுகளுக்குப் படியேறி இறங்கினோம். இது அக்ரஹாயண் மாதம், அவர்களுக்குக் கல்யாண சீஸன். எந்த பௌதியை, அதாவது அண்ணியை, கேட்டாலும் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. "அதுக்கு முன்னாடி பரு கிரு வந்துட்டா?" ஒரு பௌதி சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

பூர்ணிமா பரீட்சைக்குத் துவைத்து வைத்திருந்த வெள்ளைத் துண்டுகளை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டாள். பார்க்கவே முடியவில்லை.

11-12-2003, வியாழன்

இன்று யார்டில் டீ நேரத்தில் எழுந்து நின்றேன். கறுப்பு வேட்டியோடு, தாடியோடு. "என் மனைவிக்கு ஒரு முகம் வேணும்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. ஆகஸ்டிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். பப்பாளி, மூக்குக் கம்பி, புருவம். ஒருத்தனுக்குச் சிரித்துச் சிரித்து டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. சாமி என்றுகூடப் பார்க்கவில்லை. சிரிக்கட்டும். யாராவது ஒருத்தர் வீட்டுப் பெண்ணை அனுப்பினால் போதும் என்று நின்றேன். எல்லாரும் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்கள்.

கோஷால்தா மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவுகிற இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"அப்ப அந்தக் குழாய்த் தண்ணி?"

"பொய், தாதா."

"துர்கா பூஜையிலிருந்து நான் அதைத்தான் குடிக்கிறேன். முகம் மின்னலை. வயிறுதான் போச்சு." அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். பெண்டாட்டியின் க்ரீமைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தாராம், தடித்துவிட்டதாம். "உன்னை ஹீரோயின்னு கூப்பிட்டதெல்லாம் வயித்தெரிச்சல்ல, தமிழ்தா. கேட்க வெட்கமா இருந்துச்சு." தன் கன்னத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். "கடுகெண்ணெய் போட்டு வளர்ந்த முகம். உன் மிஸஸுக்கு இது ஆகுமா?"

மீசையை மட்டும் தொடக்கூடாது என்றார். அவர் காலில் விழப்போனேன். சாமி விழக்கூடாது என்று தடுத்துவிட்டார்.

12-12-2003, வெள்ளி

கோஷால்தா வீட்டுக்கு வந்தார். பூர்ணிமா எடுத்தவுடன் முகத்தில் கை வைக்கவில்லை. க்ரீமைத் துளி எடுத்து அவர் காதுக்குப் பின்னால் தடவி, "நாளைக்கு இந்த நேரம் வரைக்கும் பாப்போம், அரிச்சா சொல்லுங்க தாதா" என்றாள். புதுச் சருமத்துக்கு முதலில் சோதனை செய்யாமல் எதையும் போடக்கூடாதாம். என்னிடம் இந்தச் சோதனையெல்லாம் ஒருநாளும் நடக்கவில்லை. கேட்டேன். "உங்க தோலு எதையும் தாங்கும் சாமி" என்றாள். ஐந்து நாளைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

14-12-2003, ஞாயிறு

பூஜை. அரிசி மூட்டை தூக்கினேன், இலை போட்டேன், கரக்பூர் சாமிகளுக்குப் பரிமாறினேன். வாய் சரணம் சொல்கிறது, மனசு கடியாஹாட்டில். ஒரு சாமிக்கு ரசம் என்று பாயசத்தைச் சாதத்தில் ஊற்றிவிட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் வந்தாள். "முடிஞ்சுது" என்றாள். துண்டுகளை ஊறப் போட உள்ளே போனாள். நானும் கேட்கப் பயந்துகொண்டு இலை எடுக்கப் போய்விட்டேன்.

15-12-2003, திங்கள்

கோஷால்தா சொன்னது: பெரிய ஹால். வரிசையாகப் பெண்கள் படுத்திருக்கிறார்கள், நடுவில் இவர். தலையில் ரோஸ் கலர் பட்டை. முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கூனிக் குறுகிப் படுத்திருந்தாராம். பூர்ணிமாவின் விரல் நெற்றிப் பொட்டில் சுற்ற ஆரம்பித்ததுதான் தெரியும். விழித்துப் பார்த்தால் ஹாலே சிரிக்கிறது. குறட்டை, அதுவும் எக்ஸ்பிரஸ் வண்டி போல.

வெளியிலிருந்து வந்த பரீட்சை அம்மாள் தலைமாட்டில் நிற்கிறார். "என்ன இது?" பூர்ணிமா பதறவில்லையாம். "கஸ்டமருக்கு முழு ஓய்வு, மேடம்" என்றாளாம். அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாராம்.

"ஃபெயில் போட்டிருப்பாங்களா, தாதா?"

"தெரியாது. ஆனா வேலைக்கு வந்தப்புறம் நான் இப்படித் தூங்கினது இல்லை" என்றார். முகத்தைப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் மின்னுகிறது.

6-1-2004, செவ்வாய்

மலையிலிருந்து இன்று காலை வந்து சேர்ந்தேன். மாலை கழற்றி, ஸ்டேஷன் பக்கத்திலேயே சவரமும் செய்துகொண்டேன். கண்ணாடியில் இரண்டு முகம். மேலே கறுப்பு, தாடி இருந்த இடம் வெளுப்பு.

பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்தால் பூட்டு. சாவி லதாவிடம். "அக்கா முதல் வகுப்புல பாஸ், தெரியாதா? கோல்பார்க்ல ஒரு பார்லர்ல வெள்ளிக்கிழமையிலேருந்து வேலைக்குப் போறாங்க. சாதம் மேடை மேல மூடி வெச்சிருக்காங்களாம்."

சாப்பிட்டேன். மூலையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று எழுதத் தெரியவில்லை, சந்தோஷம்தான்.

23-2-2004, திங்கள்

திங்கள்தான் பூர்ணிமாவுக்கு வார விடுமுறை. இன்று எனக்கும் ஓய்வு நாள். முகத்தைக் கழுவாமல் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "இன்னைக்கு லீவுங்க" என்றாள், கண்ணை மூடியபடி. வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை. கால் வீங்கியிருக்கிறது.

பிறகு எழுந்துபோய்ப் பஞ்சும் பாட்டிலும் எடுத்துவந்தேன்.

"என்ன பண்றீங்க?"

"படு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மூணு மாசம் கீழே படுத்திருந்தவன்டி நான்."

மேல் நோக்கித் துடைக்க வேண்டும், கண்ணுக்கு அடியில் மோதிர விரலால்தான் தொட வேண்டும். எல்லாம் நினைவிருந்தது. "மெதுவா, கோச் கழுவறீங்களா?" என்று ஒரு தரம் அதட்டினாள். இடது காதுக்குக் கீழே சின்னதாக ஒரு பள்ளம் விரலில் பட்டது. இது எப்போது வந்தது என்று கேட்டேன்.

"ஏழாவது படிக்கும்போது அம்மை போட்டது. இப்பதான் பாக்கறீங்களா?"

அவசரமாகக் கன்னத்தில் ஃபேஸ் பேக்கைப் போட்டேன். "பேசாதே, விரிசல் விடும்" என்றேன்.