ஊசிக்குப் பயந்தவள்

ஜனவரி 20, செவ்வாய்
காலையிலேயே ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். இரண்டு மணி நேரம் தாம்பரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் குமட்டலோடு உட்கார்ந்திருந்தேன். கர்ப்பகாலச் சர்க்கரையாம். பொங்கல் கரும்பில் பாதியை நான்தான் தின்றேன், அதனாலா என்று கேட்டேன். அதனால் இல்லை என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி. ஆனால் சாப்பாட்டில் அடங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்றார். தடுப்பூசி போட வந்தபோது பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்தவள் நான்.

ஜனவரி 23
தினமும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். மகேஷ்தான் குத்துகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளைக் கிள்ளுகிறேன். கல்யாணம் என்றால் வலி இரண்டு பேருக்கும்தானே.

ஜனவரி 29
மாமியாருக்குத்தான் பெரிய பேஜார். "பாயசம் வேணாம், சரி. சோத்தைக்கூடவா அளந்து துன்னணும், புள்ளத்தாச்சிப் பொண்ணு?" மீன் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தினமும் மீன்தான். தெருப் பூனைகளெல்லாம் எங்கள் வாசலில் குடியேறிவிட்டன.

பிப்ரவரி 6
வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் இறங்கவே மாட்டேனென்கிறது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது. என் தோசை மகேஷ் தட்டுக்குப் போகிறது. அவரும் கேள்வி கேட்காமல் தின்கிறார்.

பிப்ரவரி 10
பட்டினி கிடந்தும் 112. 95-ஐத் தாண்டக் கூடாதாம். என்ன நியாயம் இது?

பிப்ரவரி 13
மாட்டிக்கொண்டேன். எடை குறைந்திருக்கிறது. டாக்டரம்மா திட்டவில்லை. "நீங்க பட்டினி கிடந்தா உள்ள இருக்கறதும் பட்டினிதானே, ஷர்மிளா?" என்றார். ஆட்டோவில் அழுதேன். ஒரு ஊசிக்குப் பயந்து புள்ளைய பட்டினி போட்டிருக்கேன் — ராத்திரியெல்லாம் உதைச்சுதே, பசியிலயா? நான்லாம் ஒரு அம்மாவா? நாளையிலிருந்து இன்சுலின்.

பிப்ரவரி 14
போட்டாயிற்று. நானே, தொடையில், கண்ணைத் திறந்துகொண்டு. எறும்பு கடித்த மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை ஆட்டம்!

பிப்ரவரி 22, ஞாயிறு
வளைகாப்பு. கூடுவாஞ்சேரிச் சித்தி ஜாங்கிரியை என் வாயருகே கொண்டுவந்துவிட்டாள். மாமியார் குறுக்கே புகுந்து அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். "நான் துன்னா அவ துன்ன மாதிரிதான்." ராத்திரி கை நிறைய வளையல் குலுங்க ஊசி போட்டேன்.

ஏப்ரல் 18
மார்க்கெட் முழுக்க மாம்பழம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். காலையில் 91.

மே 1, வெள்ளி
நேற்று மகள் பிறந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குத் திடீரென்று இறங்கிவிடுமாம், அதனால் அவளுக்கும் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் ஷீலா வந்தார். அந்தப் பொடிக் குதிகாலில் குத்தினார். மகேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. மெஷின் எண்ணைக் காட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நார்மல்தான்மா" என்றார் ஷீலா.

மகள் லேசாக முகம் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனாள். அழக்கூட இல்லை.

மூக்கு அப்படியே மகேஷ் மூக்கு என்கிறார் மாமியார். இருந்துவிட்டுப் போகட்டும். தைரியம் என்னுடையது.