திருநீறு என்று சொல்லிக் கொண்டுவந்த டின்

கோலசிலாங்கூர் தோட்டம்
1983 நவம்பர், திங்கட்கிழமை

அன்பு மகன் உமாபதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. சமயபுரத்தாள் காவலில் கடல் தாண்டி மலேசியா வந்தும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நான் நன்றாக இருக்கிறேன், உன் சித்தப்பா செல்லனும் சித்தி சின்னத்தாயும் தங்கச்சி அமராவதியும் சுகம், முசிறியில் நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்கவேண்டும். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மூணாம் வகுப்புக் கை, மருமகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேள், ஆனால் முடிக்கிறவரைக்கும் நடுவில் கோபப்படாதே. அப்பாவின் காரியம் முடிந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்கத்தான் நீ தபால்காரன் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனால் நீ சொல்லி அனுப்பியபடி முடியவில்லை, அதில் பாதிக் குற்றம் உன்னுடையது.

எப்படி என்று கேள். அப்பாவின் சாம்பலைக் காவேரியில் கரைத்தபோது கொஞ்சம் எடுத்துவைத்துப் பால்மாவு டின்னில் போட்டு என் கையில் கொடுத்தாயே, கப்பலை விட்டு இறங்கும்போது சுங்கத்தில் கேட்டால் பழனித் திருநீறு என்று சொல்லிவிடு அம்மா, சாம்பல் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்றும் நீதானே சொன்னாய். பினாங்கில் அப்படித்தான் சொன்னேன். மலாய்க்கார ஆபீசர் பக்கத்தில் நம் ஆள் ஒருத்தர் நின்றார், திருநீறு என்றதும் சட்டென்று மூடியை மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார், அதோடு விட்டிருக்கலாம், பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து அங்கே காத்துக்கொண்டிருந்த உன் சித்தப்பாவிடம், "அண்ணே, பழனி விபூதி வந்திருக்கு, பத்திரமா கொண்டு போங்க" என்று வேறு சொல்லிவிட்டார். உன் சித்தப்பாவுக்கு அப்போதே வாயெல்லாம் பல். பஸ்ஸில் வரும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், அவர் உன் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், நடுநடுவே கண்ணைத் துடைத்தார், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அதைவிடச் சங்கடம். அமராவதிக்கு ரவாங்கில் பாக்டரி வேலை பார்க்கிற மாப்பிள்ளை அமைந்திருக்கிறான், தை பிறந்ததும் பூ வைக்க வருகிறார்கள். மங்கள காரியம் வரப்போகிற வீட்டுக்குள் சாம்பலைக் கொண்டுவந்தேன் என்று எப்படிச் சொல்வேன். அதனால் டின்னைத் துணியில் கட்டி, நம் வீட்டு வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்த மாதிரியே, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கிற ரம்புத்தான் மரத்தில் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், ஆற்று வாய்க்குப் போனதும் உன் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உன் அப்பா சின்ன வயசில் இங்கே இருந்தபோது அந்த ஆறு கடலில் சேருகிற இடத்தில்தான் அவர் அம்மாவைக் கரைத்தார்கள், என்னையும் கொஞ்சம் அங்கே சேர்த்துவிடுங்கள் என்று படுக்கையில் கிடந்தபோது அவர் கேட்டது உனக்கும் தெரியும்.

நேற்றுக் காலை நான் குளித்துவிட்டு வெளியே வந்து பார்க்கிறேன், எல்லார் நெற்றியிலும் பட்டை பட்டையாக வெள்ளை. உன் சித்தப்பாவுக்கு மூன்று கோடு, அமராவதிக்கு ஒரு கீற்று, வேன் ஓட்டுகிற தேவதாஸ் தம்பிக்கு முகம் பூராவும். வேனின் மூக்கில்கூடப் பட்டை அடித்திருந்தது. சின்னத்தாய் கையில் நம் டின். "என்னக்கா, சாமி விபூதிய போயி மரத்துல கட்டி வெச்சிருக்கீங்க, எறும்பு ஏறாதா? நான் நேத்தே எடுத்தாந்து சாமித் தட்டுல வெச்சிட்டேன், வாங்க, நீங்களும் பூசிக்குங்க" என்று கிட்டே வருகிறாள். சொன்னால் அத்தனை பேரும் தலைமுழுகவேண்டும், பயணம் நின்றுபோகும், பூ வைக்கிற காரியத்துக்கு என்ன சொல்வாளோ என்று ஒரு பயம். நான் யோசிக்கிறதற்குள் அவள் விரல் என் நெற்றியில் பட்டுவிட்டது. குங்குமத்தை அழித்த நாளிலிருந்து அந்த இடத்தை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை உமாபதி. நேற்றுப் பார்த்தேன், வேன் கண்ணாடியில். அதற்குமேல் அதை எழுதத் தெரியவில்லை. டின்னை மட்டும் அவளிடமிருந்து வாங்கி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன், வழிக்குத் துணை என்று சொன்னேன், அது பொய் இல்லை.

வழியெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம்தான், நம் ஊர் ஈச்ச மரம் கொழுத்துப்போன மாதிரி நிற்கிறது, உன் சித்தப்பா தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் என்பதால் எந்த மரம் எந்த வருஷம் வைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார், சின்னத்தாய், "அக்கா மரத்தப் பாக்கவா கப்பலேறி வந்தாங்க, சும்மா வாங்க லா" என்று அடக்கினாள், இந்த ஊரில் எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு லா போடுகிறார்கள். டவுனுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை நம் ஊர் மழை மாதிரி யோசித்துப் பெய்யாது, வாளியைக் கவிழ்த்த மாதிரிதான். திரும்பிவிடலாமா என்றார் தேவதாஸ், உன் சித்தப்பா, இது எங்க ஊரு மழை, அண்ணிக்கு இதையும் காட்டணும் என்று சொல்லிவிட்டார். அங்கே ஒரு சின்ன மலை, மேலே வெள்ளையாகக் கலங்கரை விளக்கு, பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, அதன்மேல் ஏறி உட்கார்ந்து அமராவதி போட்டோ எடுக்கச் சொன்னாள், போட்டோவில் மழைதான் விழுந்திருக்கும். குரங்குகளைத்தான் நீ பார்க்கவேண்டும். சாம்பல் நிறத்தில் பெரிய மனிதர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன, தட்டிப் பிடுங்குவதே இல்லை, கையை நீட்டி வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அதன் குட்டி இருக்கிறதே, சுத்த ஆரஞ்சுப் பழ நிறம். தாய் சாம்பல், குட்டி ஆரஞ்சு, யாரோ வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சின்னத்தாய் ஒரு கட்டுப் பயத்தங்காய் வாங்கி ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள், ஒரு கிழட்டுக் குரங்கு பொறுமை போய் மொத்தக் கட்டையும் மெதுவாக அவள் கக்கத்திலிருந்து உருவிக்கொண்டது. இவள் அதைத் துரத்திக்கொண்டு "பெர்கி! பெர்கி!" என்று, போ போ என்று மலாயில் திட்டுகிறாள், ஏன் மலாயில் திட்டுகிறாய் என்றேன், "இந்த ஊரு கொரங்குக்குத் தமிழ் எங்கக்கா தெரியும்?" என்றாள். அப்போது தேவதாஸின் குடை காற்றில் அப்படியே மேலே மடங்கித் தாமரைப் பூ மாதிரி ஆகிவிட்டது. நான் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்பா போனதிலிருந்து முதல் தடவை. சிரித்துவிட்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினால் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சின்னத்தாய் வந்து என் முந்தானையைப் பிழிந்துவிட்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. உன் சித்தப்பா மழையில் நின்றுகொண்டு ஆற்று வாயைக் காட்டினார். "அங்கதான் அண்ணி ஆத்தாவைக் கரைச்சோம். அன்னிக்கும் இப்படித்தான் மழை. எனக்கு நடக்க முடியல, அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இந்த மலை மேல ஏறி, ஆத்தா போற வழியப் பாத்துக்கடான்னு காமிச்சான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நெற்றியில் இருந்த பட்டை கரைந்து மூக்கு வழியாக வாய்க்கு வருகிறது. தம்பி, வாயைத் துடையுங்கள் என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "விபூதிதானே அண்ணி, உள்ள போனா நல்லதுதான்" என்றார். அது விபூதி இல்லை தம்பி, உங்கள் அண்ணன் என்றேன். வேறு எப்படிச் சொல்வது, அப்படியே சொல்லிவிட்டேன். டின்னையும் எடுத்துக் காட்டினேன், சுங்கத்தில் சொன்னதிலிருந்து ரம்புத்தான் மரம்வரை எல்லாவற்றையும் மழையில் நின்றே சொன்னேன்.

முதலில் சின்னத்தாய்தான் தலையில் கையை வைத்தாள். உன் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது புருஷனுக்கு அண்ணன் என்று உன் அப்பாவுக்கு முன்னால் நிற்காமல் கதவுக்குப் பின்னால் நின்றே பேசியவள் இல்லையா அவள். "ஐயய்யோ அக்கா, முன்னால நின்னதில்லையே, அவரப் போயி என் கையால நெத்தியில பூசிட்டேனே! தேவதாசுக்கும் பூசிட்டேனே! வண்டிக்குப் பூசிட்டேனே!" என்று அழுகிறாளா கூச்சப்படுகிறாளா என்றே தெரியவில்லை. பூ வைக்கிற வீடாச்சே என்று அமராவதியைப் பார்த்தாள். உன் சித்தப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், மழையில் எல்லாம் போய்விட்டிருந்தது, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது சொன்னார் பார், "அன்னிக்கு அவன் என்னைத் தோள்ல தூக்கிட்டு ஏறினான். இன்னிக்கு நான் அவன நெத்தியில வெச்சுத் தூக்கிட்டு ஏறிட்டேன் அண்ணி. கணக்கு நேரா போச்சு." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். அமராவதி அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பெரியப்பா ப்ளெஸ்ஸிங் லாம்மா, யாருக்குக் கெடைக்கும்?" என்றாள். தேவதாஸ் தம்பி மெதுவாக, "அதான் பெரியம்மா, எப்பவும் பாதி வழியில நின்னு போற வண்டி இன்னிக்கு நிக்கவே இல்ல" என்றார். அதற்கு அப்புறம் அழுகிறவர்கள் யார் சிரிக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

மலையை விட்டு இறங்கி மீன் பிடிக்கிற சீனர்களின் படகுத் துறைக்குப் போனோம். மழை விடவில்லை, ஆறு தேத்தண்ணி நிறத்தில் நிறைந்து போகிறது. ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, எள்ளும் இல்லை, நீ எழுதிக் கொடுத்த சடங்கு எதுவும் நடக்கவில்லை. உன் சித்தப்பாவும் நானும் சேர்ந்து டின்னைக் கவிழ்த்தோம், அவர், "அண்ணே, ஆத்தாகிட்ட போ" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். வலை பின்னிக்கொண்டிருந்த சீனர் ஒருத்தர் எழுந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மலைமேல் எங்கள் நெற்றியில் இருந்து கழுவிப்போனதும் ஓடையில் இறங்கி இதே தண்ணீருக்குத்தான் வரும் என்று தேவதாஸ் சொன்னார். அப்படியென்றால் ஒரு துளியும் வீணாகவில்லை, நீ அதை நினைத்து மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்து சின்னத்தாய் எல்லாரையும் மஞ்சள் தண்ணீரில் குளிக்கவைத்தாள், வேனையும் விடவில்லை. ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

மருமகளை அதிகம் வேலை வாங்காதே, குழந்தைக்கு மழையில் சளி பிடிக்கும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு வெளியே விடாதே. கிணற்றடி வேப்பமரத்துக் கிளையில் டின் தொங்கிய கயிறு அப்படியே இருக்கும், இனிமேல் அதை அவிழ்த்துவிடு. அமராவதியின் பூ வைக்கிற விசேஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் கப்பலேறுவேன், நான் முன்னால் நிற்கக்கூடாது என்று ஒதுங்கினேன், முதல் பூவே நீங்கள்தான் எடுத்துக் கொடுக்கணும் பெரியம்மா என்று பிள்ளை பிடிவாதமாக இருக்கிறாள், சின்னத்தாயும் தலையை ஆட்டிவிட்டாள். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்கணும் கண்ணு. முக்கியமான ஒன்று மறந்துவிடாதே, சின்னத்தாய்க்கு நிஜமான பழனி விபூதி ஒரு பொட்டலம் வேண்டுமாம், நீ பழனிக்குப் போகும்போது வாங்கித் தபாலில் அனுப்பு, மேலே விபூதி என்று கொட்டை எழுத்தில் எழுதி, பிரித்து நீ முதலில் பூசிக்கொண்ட பிறகு அனுப்பச் சொல்கிறாள்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
நல்லம்மாள்